ஒன்பது நாள் கற்பூரம்

எங்கள் தொழிலில் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், நேர்காணல் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு எழுந்து வருவது எப்படி என்பதுதான். சிரிக்காதீர்கள். அந்தப் பெரிய நாட்டுக்கு மனுப் போட்ட நம் ஆட்களில் பாதிப் பேர் அந்த ஒரு நொடியில்தான் தோற்றார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பார்கள். பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருக்கும். அதிகாரி தலையாட்டுவார். நம் ஆள் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, வளர்த்த வளர்ப்புக்குக் குறைவில்லாமல் கைகூப்பி, "அப்ப நான் வரனுங்க" என்பார். சிவப்பு விழும்.

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த அறைக்கு மறுபடியும் வரும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. வாய் வருகிறேன் என்கிறது, மனசு ஆளை விட்டால் போதும் என்கிறது. அதற்குக் கற்றுக்கொடுத்த தமிழில் அது பொய்.

அரசாங்கப் பெயர் நோக்க அளவி. கையை வைக்க ஒரு தட்டு, மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டை, பட்டையில் உளுந்து அளவு ஒரு விளக்கு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று பொய் சொன்னால் அதற்குத் தெரியாது. இனி செய்யப்போவதாக நாம் சொல்வதும், உள்ளே நினைப்பதும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்த பழக்கத்தில் எங்கள் ஈரோட்டுப் பக்கம் அதற்குக் கற்பூரம் என்றே பேர் நிலைத்துவிட்டது. "கற்பூரத்துல கை வெச்சாச்சா?" என்றால் விசாவுக்குப் போய் வந்தாயா என்று அர்த்தம்.

நாட்டின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பேசக் கூடாது என்று என் விசா முகவர் உரிமத்தில் போட்டிருக்கிறது. என் பெயரோ மௌனகுரு. வாயை மூடச் சொல்லிக்கொடுப்பவனுக்கு அப்பா அம்மா முன்கூட்டியே யோசித்து வைத்த பெயர் என்று என் மனைவி சொல்லுவாள்.

துளசிமணியக்கா ஒரு புரட்டாசி மாதக் காலையில் என் அலுவலகப் படியேறி வந்தார். சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சூரம்பட்டியில் சொந்த வீடு, கணவர் காலமாகிப் பதினைந்து வருடம், ஒரே மகள் சங்கவி. உட்கார்ந்ததும் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ற புள்ளையையும் நீங்கதான் அனுப்பிச்சீங்களாம் தம்பி. அந்த அண்ணன்கிட்டயே போன்னு சொன்னா. பதினோரு வருசமாச்சு. ஒருக்கா போயிப் பாத்துட்டு வரோணுங்க."

பதினோரு வருடத்தில் நான் அனுப்பியவர்கள் நாலாயிரம் பேர் இருக்கும். முகம் ஞாபகமில்லை. ஆனாலும் "நம்ம புள்ளைதானுங்க்கா" என்று சிரித்தேன். தொழிலில் அப்படிச் சிரிக்கத்தான் வரும்.

"வயசு எத்தனைங்க்கா?"

"தை பொறந்தா அறுவத்தஞ்சு."

அறுபத்தைந்துக்கு மேல் அவர்கள் நாள் அனுமதி, அதாவது ஒன்பது நாள் மட்டும் தங்கிவரும் அனுமதி, தருவதில்லை. வயதானவர்கள் போனால் அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள் என்று அவர்களுக்கு ஒரு பயம். அக்காவுக்கு ஒரே ஒரு நேர்காணல்தான் வாய்க்கும். அதில் சிவப்பு விழுந்தால் ஆயுசுக்கும் இல்லை. அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நோட்டைத் திறந்தார்.

ஒன்பது நாளுக்கும் ஒன்பது பக்கம். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, சத்துணவில் முட்டை போடும் நாளைக் குறித்து வைப்பது போலத் திட்டம் எழுதியிருந்தார். முதல் நாள்: காலை ஆறு மணிக்கு இறங்குதல், குளியல், பதினோரு மணிக்குள் சங்கவி வீடு, மதியம் அரிசிம்பருப்புச் சாதம். இரண்டாம் நாள்: எண்ணெய் தேய்த்துவிடுதல், கொள்ளு ரசம். இப்படியே போய் ஒன்பதாம் நாள்: காலைப் பலகாரம், மதியம் கிளம்புதல்.

"அக்கா, எறங்கற ஊருல இருந்து சங்கவி ஊரு எவ்வளவு தூரம்னு தெரியுங்களா?"

"ஒரே நாடுதானுங்க. இங்கிருந்து கோயமுத்தூரு போற மாதிரி ஒரு ரெண்டு மணி நேரம் வெச்சிருக்கறன்."

சுவரில் இருந்த வரைபடத்துக்கு முன்னால் அவரைக் கூட்டிப்போனேன். இறங்கும் ஊரில் ஒரு விரலை வைக்கச் சொன்னேன். சங்கவி வேலை பார்க்கும் வடக்குச் சுரங்க ஊரில் இன்னொரு விரலை வைக்க அவர் கை எட்டவில்லை. ஒரு அடி நகர்ந்து வைத்தார்.

"ரயில்ல முப்பத்தெட்டு மணி நேரங்க்கா. நாள் அனுமதிக்காரங்க உள்நாட்டு பிளேன்ல ஏறக் கூடாது."

"ரயிலு மெதுவாப் போகுமுங்களா?"

"வேகமாத்தானுங்க போகுது. நாடு பெருசு."

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலிக்கு வந்து, பேனாவை எடுத்து, முதல் இரண்டு பக்கத்தையும் கடைசி இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்தார். மீதி ஐந்து. கொள்ளு ரசத்தை மூன்றாம் நாளுக்கு மாற்றினார். "அஞ்சு நாளு போதுங்க. இருவத்தெட்டு வருசம் வாரத்துக்கு அஞ்சு நாளுதான் சமைச்சிருக்கறன்" என்றார். எனக்கு அந்தப் பொம்பளையை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று.

பழகுவதற்கு என்று என்னிடம் ஒரு கற்பூரம் உண்டு. அவர் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினேன். "ஒண்ணே ஒண்ணுதான் முக்கியமான கேள்விங்க்கா. ஒம்பதாம் நாள் கெளம்பி ஊருக்குத் திரும்பிருவீங்களா?"

"திரும்பிருவனுங்க."

சிவப்பு.

விளக்கைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "மிசினு சரியில்லைங்களா?" என்று கேட்டார். நான் பட்டையை அவிழ்த்தேன். 

இங்கேதான் என் தொழில் ஆரம்பிக்கிறது. கற்பூரத்தை ஏமாற்ற முடியாது. ஆளையே மாற்றினால்தான் உண்டு. ஊருக்குத் திரும்பும் ஆசை இல்லாதவருக்கு அந்த ஆசையை நிஜமாகவே உண்டாக்க வேண்டும். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் பிடிப்பு. கன்று போடும் நிலையில் மாடு இருந்தால் அது நல்ல பிடிப்பு. பாதி கட்டிய வீடு நல்ல பிடிப்பு. பங்காளியோடு வழக்கு இருந்தால் அதைவிட உசத்தி, தீர்ப்புக்கு முந்தின நாள் செத்தவன்கூட எழுந்து வருவான்.

அக்காவுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. சினையாட்டைக் கொண்டுபோய்க் கட்டிப் பார்த்தேன். பத்து நாள் கழித்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஆடு நன்றாகப் பழகிவிட்டது என்று நிம்மதியோடு சொன்னார். மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நடுவதைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தேன். "அம்மன் எங்கியும் இருப்பாளுங்க" என்றார். பழைய பள்ளிக்கூடத்தில் சமையல் பழக்கித்தர ஆள் கேட்கிறார்கள் என்று ஏற்பாடு செய்துகொடுத்தேன். இரண்டே வாரத்தில் எல்லாருக்கும் பழக்கிவிட்டு வந்து நின்றார். ஒவ்வொரு முறையும் பட்டையைக் கட்டுவேன், ஒவ்வொரு முறையும் சிவப்பு.

ஐப்பசி மழை நாளில் பொறுமை போய்க் கேட்டேன். "அக்கா, ஒளிக்காமச் சொல்லுங்க. அங்க போனா திரும்பக் கூடாதுன்னுதானே இருக்கறீங்க?"

அவர் நோட்டை மூடினார். "நான் அப்படி நெனைக்கலீங்க தம்பி. ஆனா திரும்பி வந்தா இங்க என்னங்க இருக்குது? அவ வரமாட்டா. இதான் கடேசி. கடேசியாப் பாக்கற புள்ளைய விட்டுப்போட்டு ரயில் ஏறுன்னா, காலு எப்படி ஏறும்?"

"வரமாட்டான்னு ஏன் முடிவு பண்றீங்க?"

"அவளே சொல்லிப்போட்டாளே."

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. கோயமுத்தூர் விமான நிலைய வாசல். சங்கவிக்கு அப்போது இருபத்திநாலு. பெட்டியைத் தள்ளிக்கொண்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பினாளாம்.

"எங்கூட்டுல பக்கத்துக் கடைக்குப் போனாக்கூடப் போறேன்னு சொல்ல மாட்டமுங்க. போயிட்டு வரேன்னுதான். அவ அப்பன் ஆஸ்பத்திரிக்குப் போறப்பக்கூட அதத்தான் சொல்லிட்டுப் போனாரு. இவ என்ற மூஞ்சியப் பாத்து, 'போறேம்மா. அங்கயே இருந்துக்கறேன்' அப்படின்னா. ஒரு வரேன்னும் இல்ல, போயிட்டுன்னும் இல்ல. தொடலாம்னு கிட்டப் போனன். கையத் துப்பட்டாவுக்குள்ள இழுத்துக்கிட்டா. அம்மா தொட்டா ஒட்டிக்குமாட்டம். நானும் போயிட்டு வான்னு சொல்லோணும்னு வாயத் தொறந்தன். அவ வரேன்னு சொன்னாத்தானுங்க நான் வான்னு சொல்றது? சொல்லாமயே விட்டுட்டன்."

"போன்ல கேக்கலீங்களா? ஏன் அப்படிச் சொன்னேன்னு?"

"பெத்த புள்ளகிட்ட அதைய எப்படிங்க கேக்கறது? வாரவாரம் போன் பண்றா. சாப்டியாங்கறா, சாப்டியாங்கறன்."

மழை விட்டதும் குடையை விரிக்காமலே நடந்து போனார். நேர்காணலுக்குப் பதினேழு நாள் இருந்தது. எனக்கு அந்தக் கதையில் ஏதோ உறுத்தியது. என்ன என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும், இருபது வருடத்தில் அது வந்துவிட்டது.

எதுவும் ஒட்டாதவர்களுக்கு என்று ஒரு கடைசி வழி வைத்திருக்கிறேன். சொல்ல நன்றாக இருக்காது. அங்கே இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீங்க ஒம்பது நாளைக்கு மேல இருந்தா எங்களுக்குத் தொந்தரவு" என்று பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்வது. மனசு உடைந்தால் ஊர்ப்பக்கம் திரும்பும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பச்சை விழும். போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்வேன். சரியானதா என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

மறுநாள் காலை சங்கவியைப் போனில் பிடித்தேன். அங்கே சாயங்காலம், பனி பெய்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். திரையில் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் நெற்றி தெரிந்தது. மணிக்கட்டில் பட்டை. குடியேறப் போகிறவர்களுக்கு நேர்காணலில் கட்டும் பட்டையைப் பன்னிரண்டு வருடம் கழற்றுவதில்லை. ஊருக்குத் திரும்பும் எண்ணம் அதில் தட்டினால் அனுமதி ரத்து.

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"முடியாதுங்ணா" என்றாள்.

"கண்ணு, ஒரே ஒரு வார்த்தைதான். அம்மா வந்து பாக்கோணுமா வேண்டாமா?"

"அன்னைக்கும் ஒரே ஒரு வரின்னுதாங்ணா சொன்னீங்க. நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் அம்மாகிட்டச் சொன்னேன். இன்னொரு தடவ என்னால முடியாது." பட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் வேற எதுவும் பேசக் கூடாதுங்ணா. வெச்சர்றேன்" என்றாள்.

திரை அணைந்தது. முந்தின நாள் உறுத்தியது என்னவென்று அப்போது விளங்கியது. 'அங்கயே இருந்துக்கறேன்.' என் வரி அது. நான் எழுதியது. குடியேறப் போகிறவர்கள் விமான நிலையத்தில் பழக்க தோஷத்தில் "வரேன்" என்று சொல்லித் தொலைக்காமல் இருக்க, நாலாயிரம் பேருக்கு நான் மனப்பாடம் செய்வித்த வரி. சொல்லச் சொல்ல மனசும் பழகிவிடும் என்று கூடவே சொல்வேன். எந்தப் பிள்ளை அதை யாருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னது என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பழைய பதிவுகளைத் திறந்து சங்கவியின் கோப்பைத் தேடினேன். நேர்காணல் முழுவதும் பச்சை. பட்டையில் பதிந்த விமான நிலையப் பேச்சு ஒரே ஒரு வாக்கியம். அதன் எதிரே இருந்த விளக்கைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். அதற்குக் கீழே முகவரின் விளக்கம் ஒரு வரி, என் கையெழுத்தோடு. ஒரு சிவப்பு விழுந்தால் முகவர் ஒரு வரி எழுதி மன்னிக்கச் செய்யலாம் என்று அப்போது ஒரு சலுகை இருந்தது. எழுதிய ஞாபகம்கூட எனக்கில்லை.

கோப்பை வெளியாருக்குக் காட்டினால் உரிமம் போகும். அக்காவை வரச்சொன்னேன்.

அவர் உட்கார்ந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பினேன். சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகவே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு உங்க பொண்ணு சொன்ன வார்த்த நான் சொல்லிக் குடுத்ததுங்க. வரேன்னு சொன்னா அனுமதி போயிரும்னு நான்தான் அப்படிச் சொல்ல வெச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைக் காட்டினேன்.

"இங்க பாருங்க. 'அங்கயே இருந்துக்கறேன்.' எதிர்ல என்ன வெளக்கு?"

"செவப்பு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"அத்தன கேள்விக்கும் பச்சை வாங்கின புள்ளைங்க. உங்க மூஞ்சியப் பாத்து அதச் சொல்றப்ப செவப்பு. கற்பூரம் பொய்யின்னு சொல்லுதுங்க்கா. உங்க பொண்ணு சொன்னது பொய்."

அக்கா திரையின் மேல் விரலை வைத்தார். அந்தச் சிவப்புப் புள்ளியின் மேலேயே வைத்திருந்தார். விரலை எடுக்காமலே, "அதுக்குத்தான் கைய மறைச்சாளா?" என்று கேட்டார்.

"வெளக்கு எரிஞ்சிருக்கும். கேட்டுல நிக்கறவன் பாத்தா அங்கயே திருப்பி அனுப்பிருப்பான்."

"கீழ என்னமோ எழுதியிருக்குதுங்களே. படிங்க."

 படித்தேன். "'விடைபெறும் பதற்றம். பொருட்படுத்த வேண்டியதில்லை.'"

அவர் எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலில் நின்று, திரும்பாமல், "போறனுங்க" என்றார்.

அந்த வார்த்தையை அது நாள்வரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நாலாயிரம் பேரின் அப்பா அம்மாவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். என் மனைவி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான்கு நாள் கழித்து அக்கா வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தானே பட்டையை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். "கேளுங்க" என்றார்.

"ஒம்பதாம் நாள் கெளம்பி ஊருக்குத் திரும்பிருவீங்களா?"

"திரும்பிருவனுங்க."

பச்சை. இரண்டு மாதமாக நான் பார்க்காத பச்சை. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை கேட்டேன். மறுபடியும் பச்சை.

"எப்படிங்க்கா?"

"அவளுக்கு எப்ப அந்தப் பட்டையக் கழட்டுவாங்க?"

"பன்னண்டு வருசம் முடியோணும். வர்ற ஆனியில."

"கழட்டுனா வரலாமில்லீங்க? வர்றப்ப ஊடு பூட்டிக் கெடந்தா என்னங்க பண்ணுவா? பக்கத்து ஊட்டுல போயி நிப்பாளா?" சொல்லிக்கொண்டே பட்டையை அவிழ்த்தார். "அதுக்கு நான் இங்க இருக்கோணும். உங்களைய மன்னிச்சுப்போட்டன்னு நெனைச்சுக்காதீங்க தம்பி. அது வேற."

"சரிங்க்கா. இன்னொண்ணு. அங்க போயி இதப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. அவ கையிலயும் பட்டை, உங்க கையிலயும் பட்டை. வருவியான்னு நீங்க கேட்டு, அவ வரேன்னு சொல்லி, பச்சை விழுந்துதுன்னா அவ அனுமதி போச்சு. இன்னும் எட்டு மாசம் அவ அங்க இருந்தாத்தான் எல்லாம் கூடி வரும்."

"அஞ்சு நாளும் பேசாம இருக்கோணுமாக்கும்."

"ஆமாங்க்கா."

"பதினோரு வருசம் பேசல. அஞ்சு நாளு பெருசுங்களா?" என்றார்.

நேர்காணல் கார்த்திகை இரண்டாம் வாரம், கோயமுத்தூரில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். பதினான்கு கேள்வி, பதினான்கு பச்சை. அதிகாரி நல்ல பெண், முடிந்ததும் சிரித்தாள். அக்கா எழுந்தார். கை குவிந்தது. வாய் திறந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். வாய் திறந்தபடியே ஒரு கணம் நின்று, பிறகு மூடி, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

படியிறங்கும்போது முறையிட்டார். "ஒரு மனுசியப் பாத்துட்டு, சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சு வந்தது இன்னைக்குத்தானுங்க. அந்தப் புள்ள என்னைய என்னன்னு நெனைக்கும்?"

மார்கழி மூன்றாம் தேதி விமானம் ஏறினார். பட்டை கையிலேயே இருந்தது. கம்பளிச் சட்டைக்குள் கம்பளிச் சட்டை, காலுறைக்குள் காலுறை. விதை எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பதால் கொள்ளை வறுத்துப் பொடித்து எடுத்துக்கொண்டார். நோட்டையும் எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த ஒன்பது நாளும் வேலை ஓடவில்லை. வடக்கே மைனஸ் முப்பத்தொன்று என்று செய்தியில் வரும்போதெல்லாம் அக்காவின் ரயிலை நினைத்துக்கொள்வேன்.

பதினான்காம் தேதி காலையில் என் படியேறி வந்தார். மூக்கு நுனி தோல் உரிந்திருந்தது. மற்றபடி போனதற்குக் குறைவில்லாமல் இருந்தார். பட்டையைக் கழற்றிப் பதிவை இறக்கிப் பார்ப்பது முகவரின் வேலை. மேசைக்கு எதிரே அவரை வைத்துக்கொண்டே பார்த்தேன்.

இறங்கியதும் ஒன்பதாம் நாள் திரும்பிவிடுவதாகச் சொன்னது பச்சை. ரயிலில் எதிர் இருக்கைக் கிழவரிடம் கொள்ளுப்பொடி தருவதாகச் சொன்னது பச்சை. கொடுத்திருக்கிறார். ஐந்து நாளும் "நாளைக்கு இதைச் செய்யறேன், அதைச் செய்யறேன்" என்று பக்கம் பக்கமாகச் சமையல், எல்லாம் பச்சை. மகளிடம் ஊர் திரும்புவதைப் பற்றியோ, வருவதைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

ஏழாம் நாள், சுரங்க ஊர் ரயில் நிலையம். கிளம்பும்போது பேசிய ஒரே வாக்கியம் அங்கே இருந்தது. எதிரே பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. 'மதிப்பிட இயலாது' என்று கருவி எழுதியிருந்தது. வாக்கியத்தைப் படித்தேன். கருவி தப்பாகக் கேட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன்.

"அக்கா, ஸ்டேசன்ல என்ன சொன்னீங்க?"

"அதுல பதியலீங்களா?"

"பதிஞ்சிருக்கு. 'போயிட்டு வா கண்ணு'ன்னு இருக்குது. ரயில் ஏறி வந்தது நீங்க. நிக்கறவ அவ. போறவங்க நிக்கறவங்களப் பாத்து அப்படிச் சொல்லுவாங்களா?"

அக்கா தன் மணிக்கட்டில் பட்டை இருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஏர்போட்டுல சொல்லோணுமின்னு வாயத் தொறந்தனுங்க. பதினோரு வருசமா அது தொண்டையிலயே நின்னுபோச்சு. அதைய அங்க போயிச் சொல்லிப்போட்டு வந்தன். வரேன்னு சொன்னாத்தான் பொய்யி மெய்யி. வான்னு கூப்புடறதுக்கு என்னங்க?"

நியாயம்தான். கூப்பிடுவதில் பொய் ஏது? இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை.

"அவ என்ன சொன்னாங்க்கா?"

"ஒண்ணும் சொல்லல. மொதல்ல அவளுக்கும் வெளங்கல, நீங்க முழிச்ச மாதிரியேதான் முழிச்சா. அப்பறம் வெளங்கிருச்சு. பட்டை கட்டுன கையை இந்தத் தடவ மறைக்கலீங்க. அந்தக் கையாலயே என்ற கையப் புடிச்சுக்கிட்டு இப்படித் தலையாட்டுனா." ஆட்டிக் காட்டினார், இரண்டு முறை, மேலும் கீழுமாக. "தலையாட்டுனாக் கற்பூரம் எரியாதில்லீங்க?"

"எரியாதுங்க்கா."

நான் வேறு எதையோ தேடுவது போல மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன். அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மத்தியானம் சுண்ணாம்படிக்க ஆளு வருதுங்க. மேக்கால ரூம்பு ஓதம் அடிச்சுக் கெடக்குது, அதுலதான் அவ படுப்பா." வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சரிங்க தம்பி, போயிட்டு வரனுங்க."

பட்டை மேசையின் மேல் கிடந்தது. யார் கையிலும் இல்லாததால் எந்த விளக்கும் எரியவில்லை.

"வாங்க்கா" என்றேன்.